‘சின்னப் பிள்ளைதானே, மறந்துடும்!’

சாவு விழுந்த வீட்டில் பந்தல் போடும் முன்பே சின்னப் பிள்ளைகளைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். “அம்மா எங்கே?” என்று பிள்ளை கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறாள், சாமிகிட்ட போயிருக்கிறாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். நாலு நாளில் கேள்வி நின்றுவிடும். உடனே தீர்ப்பு: “சின்னப் பிள்ளைதானே, மறந்துடும்.” காவிரிக்கரையில் படித்தவரும் படிக்காதவரும் ஒருசேர நம்பும் பொய் இது. கேட்டால் அப்பத்தா முகம் மாறுகிறது, அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார் என்று கண்டுகொண்ட பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. அதற்கு நாம் வைத்த பெயர் மறதி.

மறதியைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை? ஆடி அமாவாசையன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் போய்ப் பாருங்கள். முப்பது வருஷத்துக்கு முன் போன தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருப்போம். அறுபது வயதுக்காரனுக்கு மறக்காத தகப்பன், ஆறு வயதுக்காரனுக்கு நாலு நாளில் மறந்துபோவானாம்!

“பிஞ்சு மனசு தாங்காது. மறைப்பதுதான் நம் மரபு” என்பார்கள். எந்த மரபு? தாத்தா போனால் பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம் கொடுத்துச் சடலத்தைச் சுற்றி நிறுத்துவதும் நம் வழக்கம்தான். ஏழு வயது மகனுக்கு மொட்டையடித்து, தகப்பனுக்குக் கொள்ளி வைக்கச் சொல்கிறோம். “நீ ஆம்பளை, அழக்கூடாது. இனிமே நீதான் குடும்பத்தைப் பாத்துக்கணும்” என்றும் சொல்கிறோம். காலையில் விவரம் புரியாத குழந்தை, சாயங்காலம் குடும்பத் தலைவன்! பெரியவர்களுக்கு எது வசதியோ அதுவே பிள்ளையின் வயது.

வீட்டில் மட்டுமல்ல, ஊரே அழுதபோதும் இதே கதைதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் சத்துணவு சமைத்த கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். விசாரணை ஆணையம், இழப்பீடு, 2014இல் தஞ்சை நீதிமன்றத் தீர்ப்பு என்று எல்லாவற்றையும் பேசினோம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழியை இழந்தவளையும், கையைப் பிடித்துக் கூட்டிப்போன தம்பியை இழந்த அக்காவையும் பற்றி எத்தனை பேர் பேசினோம்? பெற்றவர்களுக்கு மட்டுமே துக்கம் உரியதென்று நினைத்துவிட்டோம்.

அதே ஆண்டு டிசம்பர் 26இல் சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கும்பகோணத் தீயின்போது தஞ்சை ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனே அங்கே அனுப்பப்பட்டார். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அன்னை சத்தியா இல்லம் உருவானது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், படம் வரைதல், விளையாட்டு, பேச்சு வழியாகப் பிள்ளைகளின் துக்கத்தைக் கேட்கத் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்தது. பேசவிட்டால் பிள்ளை உடைந்துபோகும் என்பவர்கள் நாகைக்குப் போய் விசாரிக்கலாம்.

பேசினால் பிள்ளை தேறும் என்பதையேதான் 2016இல் வந்த ‘மை லைஃப் அஸ் எ ஸுக்கீனி’ என்ற பொம்மைப் படமும் சொல்கிறது. இயக்கியவர் ஸ்விட்சர்லாந்தின் க்ளோட் பாராஸ். ஒன்பது வயதுப் பையனின் தாய், குடிகாரி, விபத்தில் இறந்துபோகிறாள். அவள் நினைவாக ஒரு காலி பீர் டப்பாவை எடுத்துக்கொண்டு அவன் குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறான். அம்மாவைக் கொன்றது தானே என்ற பயத்தை அவன் சொல்வது, தன்னை வம்பிழுத்துக்கொண்டிருந்த சக பையனிடம். அந்தப் பையனும் தன் கதையைச் சொல்கிறான். அங்கிருந்துதான் இருவரும் தேறுகிறார்கள். மறைக்கப்பட்ட சாவுக்குப் பிள்ளை தானாகவே ஒரு காரணம் கண்டுபிடிக்கும். அன்றைக்கு அடம்பிடித்தோமே, அதனால்தான் அம்மா போய்விட்டாளோ என்று நினைக்கும். மறைப்பதன் ஆபத்து இதுதான்.

“பொம்மைப் படத்தில் சாவைக் காட்டினால் பயந்துவிடும்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1994இல் வந்த ‘லயன் கிங்’ படத்திலேயே குட்டிச் சிங்கத்தின் கண்ணெதிரே தகப்பன் செத்ததை நம் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். சாவு உண்டென்று அவர்களுக்குத் தெரியும். நம்மிடம் அதைப் பேசலாமா என்பதுதான் தெரியாது.

ஆகவே ஆசிரியர்களே, அத்தைகளே, மாமன்களே: துக்கம் கழிந்து வரும் பிள்ளையிடம் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். “அம்மா செத்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க. அது உன்னால இல்லை. அவங்களைப் பத்தி எப்ப வேணும்னாலும் என்கிட்ட பேசு.” பிறகு அதன் சிநேகிதனைப் பக்கத்தில் உட்காரவிடுங்கள். அழுதால் அழட்டும். விளையாடப் போனால் போகட்டும். மறந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள்.