தரகர் போனால் முன்பணம் யார் தருவது?

‘ஆண்டீஸ் மலைக் கைவினைஞரிடம் நேரடியாக வாங்கியது’ என்ற அட்டையைப் பார்த்ததும், தரகர் இல்லை, காசு செய்தவர் கைக்கே போகிறது என்று வாங்குபவர் மனம் நிறைகிறது. தரகரை விலக்குவது மட்டும் நியாயம் ஆகிவிடாது. அவர் சுமந்த பாரத்தையும் நேரடியாக வாங்கும் வியாபாரி ஏற்கவேண்டும்.

பெரு நாட்டின் உவான்காயோ நகருக்கு அருகிலுள்ள சான் ஹெரோனிமோ தே துனான், வெள்ளிக் கம்பி வேலைக்குப் பேர்போன ஊர். வெள்ளியை இழையாக இழுத்து, இரண்டிரண்டாக முறுக்கித் தட்டையாக்கி, சட்டத்துக்குள் சுருள்சுருளாக நிரப்பிப் பற்றாசுப் பொடி வைத்துப் பற்றவைக்கிறார்கள். சூடு கொஞ்சம் மிஞ்சினால் இழை உருகி, செய்த வேலையெல்லாம் பாழ். எடை சொற்பம், உழைப்போ ஏராளம். எடை போட்டு விலை பேசினால் செய்தவருக்கு நட்டம்தான். போதாக்குறைக்கு, வெள்ளியையும் அவரே முதல் போட்டு வாங்கவேண்டும். 2025-இல் ஏறியதுபோல வெள்ளி விலை ஏறினால், பழைய விலைக்கு ஒப்புக்கொண்டவருக்குக் கூலிகூட மிஞ்சாது. தரகர் நுழைவது இந்த இடத்தில்தான். முன்பணம் தருகிறார், சரக்கை மொத்தமாக எடுக்கிறார், அந்தப் பிடியை வைத்து விலையையும் அவரே தீர்மானிக்கிறார். முன்பணம் தராத ‘நேரடி’ வியாபாரி, தரகரின் லாபத்தை எடுத்துக்கொண்டு ஆபத்தைக் கைவினைஞர் தலையில் கட்டுகிறார். கைவினைப் பொருள்களுக்கு, கேட்டால் குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லா முன்பணம் தரவேண்டும் என்று உலக நியாய வர்த்தக அமைப்பு விதி வைத்திருப்பது இதனால்தான்.

இப்படிச் செய்தால் விலை கூடும், வாங்குபவர் இயந்திர நகைக்குப் போய்விடுவார் என்பார்கள். விலை கூடும் என்பது உண்மை. ஆனால் அச்சில் வார்த்த நகையோடு விலையில் மோதிக் கைவேலை என்றுமே ஜெயிக்காது. தரத்தைச் சொல்லித்தான் விற்கவேண்டும். பெருவில் 1000-க்கு 950 பங்கு வெள்ளி கொண்ட நகை வழக்கம். உலகச் சந்தையின் ‘ஸ்டெர்லிங்’ வெள்ளியில் அது 925 பங்கு. அதே கடைத்தெருவில் ‘அல்பாக்கா’ என்று விற்பதோ செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், பொட்டு வெள்ளி கிடையாது. இந்த வித்தியாசத்தை விளக்குகிற வியாபாரி கூடுதல் விலையைத் தயங்காமல் கேட்கலாம். தரகரே கூடாது என்பதும் என் வாதமல்ல. பட்டுவாடா, சுங்கம், தரச் சோதனை ஆகியவற்றுக்கு ஆள் வேண்டும்; கைவினைஞர் கூட்டுறவே அந்த வேலையைச் செய்தால் விலை பேசும் பலம் அவர்களிடம் இருக்கும்.

ஆகவே ‘நேரடி’ என்று விற்கும் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: முன்பணம் எவ்வளவு கொடுத்தீர்கள்? வெள்ளி விலை ஏறியபோது நட்டத்தை ஏற்றது யார்?