பழுதான மின்சாரக் காரும் அமெரிக்காவின் ‘லெமன்’ சட்டமும்

புதிதாக வாங்கிய மின்சாரக் கார் ஒரே கோளாறுக்காக நான்காவது தடவையும் கராஜுக்குப் போகிறது. ஒவ்வொரு தடவையும் "பரிசோதித்துப் பார்த்தோம், பிழை எதுவும் தெரியவில்லை" என்ற பதிலுடன் திரும்பி வருகிறது. கார் கராஜில் நின்றாலும் லீசிங் தவணை நிற்பதில்லை. இப்படி அகப்பட்டுக்கொண்டவர் யாரிடம் போவது?

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் மூடப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், நமது வீதிகளிலும் மின்சாரக் கார்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆகவே இந்தக் கேள்வி இனி நமக்கும் உரியது. இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே பதில் தேடத் தொடங்கிய அமெரிக்க மாநிலங்களின் அனுபவத்தை இங்கு பார்ப்போம்.

எண்ணிக்கையே பாதுகாப்பு

வாங்கிய பின்னர் ஓயாமல் தொல்லை தரும் வாகனத்தை அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘லெமன்’ என்பார்கள். அதனாலேயே இச்சட்டங்களுக்கும் ‘லெமன் சட்டம்’ என்ற பெயர் வந்தது. கனெக்டிகட் மாநிலம் 1982 இல் இதற்கு வழிகாட்டியது. இன்று 50 மாநிலங்களிலும் ஏதோவொரு வடிவில் இச்சட்டம் உண்டு.

இதற்கு முன்னரும் உத்தரவாதம் இருந்தது. ஆனால் "இன்னொரு தடவை கொண்டு வாருங்கள், திருத்தித் தருகிறோம்" என்று கம்பனி முடிவில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கலாம். லெமன் சட்டம் செய்த பெரிய காரியம், அந்த முடிவில்லாத வாக்குறுதிக்கு ஓர் எல்லை வைத்ததுதான்.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். கார் கையளிக்கப்பட்டு 18 மாதங்கள் அல்லது 18,000 மைல், இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் ஒரே கோளாறுக்காக நான்கு தடவைகள் திருத்த முயன்றும் சரிவராவிட்டால், கம்பனிக்குப் போதிய சந்தர்ப்பம் வழங்கப்பட்டுவிட்டது என்று சட்டம் அனுமானிக்கிறது. உயிராபத்தையோ கடுங்காயத்தையோ ஏற்படுத்தக்கூடிய கோளாறாயின் இரண்டு தடவைகள் போதும். திருத்த வேலைக்காக மொத்தம் 30 நாட்களுக்கு மேல் கார் கராஜில் நின்றாலும் அதே நிலைதான். நியூயோர்க்கில் இந்தக் காலம் இரண்டு ஆண்டுகள் அல்லது 18,000 மைல்.

இந்த எல்லை தாண்டினால் கம்பனி காரை மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கோளாறுக்காக முதன்முதலில் கொண்டு செல்லும் வரை ஓடிய தூரத்துக்கு மட்டும் ஒரு கழிவு உண்டு. கலிபோர்னியக் கணக்கு இது: ஓடிய மைலை 120,000 ஆல் வகுத்து, காரின் விலையால் பெருக்க வேண்டும். 48,000 டொலர் பெறுமதியான கார் 6,000 மைல் ஓடிய பின்னர் முதற்தடவை கராஜுக்குப் போனால், கழிவு 2,400 டொலர். அதன் பின்னர் எத்தனை மைல் ஓடினாலும் அது இக்கணக்கில் சேராது. வாங்கியவர் வழக்கில் வென்றால் அவருடைய சட்டத்தரணியின் நியாயமான கட்டணத்தையும் கம்பனியே செலுத்த வேண்டும். பணமில்லாதவரும் பெரிய கம்பனியொன்றை எதிர்த்து நிற்க முடிவது இந்த ஏற்பாட்டினால்தான்.

மின்சாரக் காருக்கு இது ஏன் முக்கியம்?

பழைய காரில் கோளாறு சத்தமாகவோ புகையாகவோ வெளியே தெரியும். மின்சாரக் காரில் அப்படியல்ல. சார்ஜ் ஏறுவது இடையில் நின்றுவிடும், திரை இருண்டுவிடும், ஓட்டத்தில் திடீரென வலு குறையும். கராஜுக்குப் போனால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தோன்றும். ஆனால் பிழை பெட்டரியிலா, மென்பொருளிலா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பைச் சட்டம் வாங்கியவர் மீது சுமத்தவில்லை. கோளாறு காரின் பாவனையை, பெறுமதியை அல்லது பாதுகாப்பைக் கணிசமாகப் பாதிக்கிறதா, திருத்தச் சந்தர்ப்பம் கொடுக்கப்பட்டதா என்பவையே அடிப்படைக் கேள்விகள்.

செவ்ரலே போல்ட் கார் இதற்கு நல்ல உதாரணம். பெட்டரி தீப்பற்றும் அபாயம் காரணமாக, 2021 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி அதுவரை தயாரித்த போல்ட் கார்கள் அனைத்தையும் திருத்தத்துக்காக மீள அழைத்தது. மொத்தம் சுமார் 140,000 கார்கள். வெளியில் நிறுத்துங்கள், இரவில் கவனிப்பாரின்றி சார்ஜ் செய்யாதீர்கள், 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. முழு விலை கொடுத்து வாங்கிய காரை வீட்டுக்கு அருகில் நிறுத்தவே அஞ்சும் நிலை அது. மீள அழைத்தல் அபாயத்தைத் திருத்துவதற்கான ஏற்பாடே தவிர, பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு அல்ல. பணத்துக்கான வழி மாநிலங்களின் லெமன் சட்டத்தில்தான் இருந்தது. சிலருடைய கார்களைக் கம்பனி திரும்ப வாங்கிக்கொண்டது.

சட்டத்தின் ஓட்டைகள்

ஆனாலும் இச்சட்டங்கள் பெற்றோல் கார்களின் காலத்தில் எழுதப்பட்டவை. அதனால் சில இடைவெளிகள் உள்ளன.

முதலாவது, மென்பொருள் திருத்தம். இன்று பல கோளாறுகளுக்கு இணையம் வழியாகவே திருத்தம் அனுப்பப்படுகிறது. கார் கராஜுக்குப் போவதில்லை. ஆகவே கையில் ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சுவதில்லை. அதைத் திருத்த முயற்சியாக எண்ணுவதா என்பதில் தகராறு எழ இடமுண்டு.

இரண்டாவது, பெட்டரி. வருடம் செல்லச் செல்ல பெட்டரி வலுவிழப்பது இயல்பு. பல கம்பனிகள் பெட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது ஒரு இலட்சம் மைல் உத்தரவாதம் தருகின்றன. ஆனால் கலிபோர்னியாவில் 2025 இல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, புதிய நடைமுறையைத் தெரிவு செய்த கம்பனிகள் மீது, கார் முதலில் கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 6 ஆண்டுகள் கடந்தால் லெமன் வழக்குத் தொடர முடியாது. ஏழாம் ஆண்டில் பெட்டரி பழுதானால் உத்தரவாதம் இருக்கும். இச்சட்டத்தின் பலம் இருக்காது.

மூன்றாவது, பாவித்த கார். கலிபோர்னிய உயர் நீதிமன்றம் 2024 ஒக்டோபர் 31 இல் வழங்கிய தீர்ப்பின்படி, கம்பனியின் உத்தரவாதம் மீதமிருக்கும் நிலையில் பாவித்த காரொன்றை வாங்கினாலும், அது மட்டும் அந்தக் காரைச் சட்டத்தின் பார்வையில் ‘புதிய வாகனம்’ ஆக்கிவிடாது. புதிய கார் வாங்க வசதியற்றவருக்கே பாதுகாப்பும் குறைந்துவிட்டது.

நான்காவது, கம்பனியே இல்லாமல் போவது. மின்சாரக் கார் தயாரித்த ஃபிஸ்கர் கம்பனி 2024 ஜூனில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பணத்தைத் திருப்பித் தர ஆளில்லாவிட்டால் உரிமை இருந்தும் பயன் இல்லை.

நமக்கான பாடம்

நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்ய வழியுண்டு. ஆனால் எத்தனை தடவை திருத்தினால் போதும், எத்தனை நாள் காத்திருந்தால் போதும் என்ற எண் அச்சட்டத்தில் இல்லை. அந்த எண் இல்லாதவரை, பொறுமையின் எல்லையைத் தீர்மானிப்பவர் விற்றவரே. வாகன இறக்குமதியைத் திறந்தவர்கள் இதையும் சிந்திக்க வேண்டும்.

ஆசிரியர் என்ற வகையில் எனக்கு இதெல்லாம் வரவு இடாப்பையே நினைவூட்டுகிறது. பிள்ளை அடிக்கடி வருவதில்லை என்று வாயால் சொன்னால் யாரும் கணக்கெடுப்பதில்லை. இடாப்பைக் காட்டினால் பேச்சுக்கு இடமில்லை. அமெரிக்காவிலும் பலருடைய முறைப்பாடு உறுதியாக நிற்பது திகதியிட்ட திருத்தப் பற்றுச்சீட்டுகளின் மீதுதான்.

ஆகவே மின்சாரக் கார் வாங்குபவர்கள் உத்தரவாதப் பத்திரத்தில் பெட்டரி பற்றிய பகுதியை கையொப்பமிடும் முன்னர் வாசியுங்கள். கராஜில் காரை ஒப்படைத்த நாளையும் திரும்பப் பெற்ற நாளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பிழை எதுவும் இல்லை" என்றாலும் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நாளை நமக்கும் இப்படியொரு சட்டம் வந்தால், எண்ணிக் காட்டுவதற்கு அந்தக் காகிதங்கள் நம் கையில் இருக்க வேண்டும்.