மார்கழியில் தாத்தா கல்யாணம்

என் தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் 2365-ஆம் வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி, இரவு 7 மணி 24 நிமிஷம் 48 விநாடிக்குக் கல்யாணம். நான் சொல்லவில்லை, என் கம்ப்யூட்டர் சொன்னது.

பத்திரிகை அடிக்கலாமென்றால் இரண்டு சிக்கல். ஒன்று, தாத்தா 2009-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு, டிசம்பர் 24 மார்கழி மாதம். ராகு காலத்தில் முகச்சவரம்கூடச் செய்துகொள்ளாத மனுஷர், மார்கழியில் தாலி கட்டச் சம்மதித்திருக்கவே மாட்டார்.

நிஜத்தில் கல்யாணம் 1957 செப்டம்பர் 4, ஆவணி மாதம், புதன்கிழமை. அம்பாசமுத்திரத்தில் எடுத்த போட்டோவின் பின்பக்கம் தாத்தாவே மசியில் எழுதி வைத்திருக்கிறார்.

2014-ல் வீட்டிலிருந்த பழைய போட்டோக்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஒரு டிஸ்க்கில் ஏற்றினோம். ஏற்றினோம் என்றால், நான் காபி வாங்கிக் கொடுத்தேன். மற்றதையெல்லாம் செய்தவன் என் சிநேகிதன். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. லீனக்ஸ் தவிர வேறெதையும் தொடமாட்டான். என் கம்ப்யூட்டரிலும் அதையே போட்டுக்கொடுத்தான். ஓசியில் கிடைப்பதை நான் ஏன் வேண்டாமென்கப் போகிறேன்?

அவன் ஒரு நல்ல காரியம் செய்தான். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஸ்கேன் செய்த தேதிக்குப் பதிலாக, போட்டோ எடுத்த தேதியையே ‘கடைசியாக மாறிய நாள்’ என்று போட்டுவிட்டான். தேதிவாரியாக அடுக்கினால் குடும்ப சரித்திரமே வரிசையாக வந்துவிடும். தாத்தா கல்யாணம், அப்பாவுக்கு மொட்டை, அத்தைக்குக் காதுகுத்து, கடைசியில் யானைமேல் உட்கார்ந்து அழும் நான்.

2022 மே மாதம் ஆச்சிக்கு 80 வயது நிறைவு. கல்யாணப் போட்டோவில் ஆச்சியின் முகத்தைப் பாதிக்கு மேல் பூஞ்சை தின்றிருந்தது. அதைச் சரிசெய்து, பெரிதாக ஃப்ரேம் போட்டுக் கொடுப்பதென்று ஏற்பாடு. ஸ்டூடியோ அண்ணாச்சி பத்து நாள் உட்கார்ந்து புருவம், மூக்குத்தி, கன்னம் என்று புள்ளி புள்ளியாக மீட்டெடுத்தார். கூலி 1,500 ரூபாய். கையிலிருந்த 1,200-ஐக் கொடுத்தேன். பாக்கி 300.

அந்த ஃபைலைக் கொண்டுவந்து புது லேப்டாப்பில், அதே பெயரில், பழையதன் மேலேயே போட்டேன். அன்று ராத்திரி எனக்கு ஜாக்கிரதை உணர்ச்சி பீறிட்டது. 2014 டிஸ்க்கை லேப்டாப்பில் செருகி, இரண்டையும் ஒப்பிட்டு ‘எது புதுசோ அதை இரண்டு பக்கமும் வை’ என்கிற காப்பி புரோகிராமை ஓடவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் ஆச்சி முகத்தில் மறுபடியும் பூஞ்சை.

புரோகிராம்மேல் குற்றமில்லை. அண்ணாச்சி கொடுத்த ஃபைலின் தேதி 2022. டிஸ்க்கில் இருந்ததன் தேதி 2365. எது புதுசு? நீங்களே சொல்லுங்கள்.

சிநேகிதனுக்குப் போன் போட்டேன்.

“மாப்ள, தாத்தா 2365-ல கல்யாணம் பண்றாருடா.”

மறுமுனையில் ஒரு நிமிஷம் சத்தமில்லை. பிறகு ஒரு சிரிப்பு. துக்க வீட்டில் வரக்கூடாத சிரிப்பு.

“1957-ஓட 408 வருஷத்தைக் கூட்டிப் பாரு. 1970-க்கு முந்தின போட்டோ பூராவும் அப்படித்தான் காட்டும். நாம ஸ்கேன் பண்ணினப்பவே அந்தப் பிழை டிஸ்க்குல ஏறிடுச்சு.”

“அப்ப எட்டு வருஷமா ஏன் சரியாக் காட்டுச்சு?”

“அப்ப ரெண்டு தப்பு இருந்துச்சு. இப்ப ஒண்ணைத் திருத்திட்டாங்க.”

நான் பி.காம். இந்த வாக்கியம் வேறு யாருக்கும் புரியாமல் போகலாம். எனக்கு உடனே புரிந்தது. முதல் வருஷக் கணக்குப் பதிவியலில் இதற்கு ஈடுசெய் பிழை என்று பெயர். ஒரு பக்கம் நூறு ரூபாயைக் கூட எழுதி, இன்னொரு பக்கமும் நூறைக் கூட எழுதினால் டிரையல் பேலன்ஸ் கச்சிதமாக நிற்கும். ஆடிட்டர் தலையாட்டிவிட்டுப் போவார். யாராவது ஒரு புண்ணியவான் வந்து ஒரு பிழையை மட்டும் திருத்துகிற அன்றைக்குத்தான் கணக்கு உதைக்கும்.

விஷயம் இதுதான். லீனக்ஸ் உள்பட யூனிக்ஸ் வம்சத்து கம்ப்யூட்டர்களுக்குக் காலம் 1970 ஜனவரி 1-ல் பிறந்தது. அதிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணி, அந்த எண்ணைத்தான் தேதியாக எழுதி வைக்கின்றன. 1970-க்கு முந்தைய தேதி என்றால் மைனஸ். பழைய முறையில் இதற்கு ஒதுக்கிய இடம் 32 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1. முதல் கட்டம் 1 என்றால் மைனஸ் எண். முதல் கட்டம் போக மிச்சம் 31-ம் நிரம்புகிற முகூர்த்தம் 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. அடுத்த விநாடி, எண் குப்புறக் கவிழ்ந்து 1901-க்குப் போய்விடும்.

(பென் டிரைவ் கதை வேறு. அதில் பெரும்பாலும் இருக்கிற ஃபேட் முறைக்கு 1980-க்கு முன்னால் உலகமே கிடையாது. மாற்றிய நேரத்தையும் இரண்டிரண்டு விநாடியாகத்தான் குறிக்கும். தாத்தாவை அதில் ஏற்றியிருந்தால் கல்யாணமே நடந்திருக்காது.)

லீனக்ஸ் ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கிவைக்கிற கணக்குப்பிள்ளைக்கு எக்ஸ்டி-4 என்று பெயர். 2008 டிசம்பரில் அது முழு வேலைக்கு வந்தபோது, கூடவே இன்னொரு 32 கட்டம் கொடுத்தார்கள். அதில் 30, விநாடியை நூறு கோடியாகக் கூறு போடுவதற்கு. நம் ஆபீஸில் பத்து மணி என்றால் பத்தே முக்கால். அவர்களுக்கு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு வேண்டுமாம். மிச்சம் இரண்டு கட்டத்தைப் பழைய 32-க்கு முன்னால் ஒட்டிக்கொண்டார்கள். அதனால் 2038 கண்டம் 2446 மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. இரண்டே கட்டத்துக்கு 408 வருஷம் ஆயுசு.

தப்பு நடந்தது இந்த ஒட்டு வேலையில். கம்ப்யூட்டரில் மைனஸ் எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. இடப்பக்கம் எவ்வளவு தூரம் போனாலும் 1, 1, 1 என்று நீண்டுகொண்டே போகும். 1957-ஐ எழுதும்போது, 32-க்கு முன்னால் இருக்கிற இரண்டு கட்டத்தை அப்படியே கிள்ளி எடுத்து எழுதினார்கள். 1, 1 என்று பதிவாயிற்று. 0, 0 என்று இருக்கவேண்டியது. இது முதல் தப்பு.

திரும்பப் படிக்கும்போது, 32 கட்டத்தை முதலில் மைனஸாகவே விரித்துக்கொண்டு, அதன்மேல் அந்த இரண்டைப் பதித்தார்கள். கூட்டவில்லை, பதித்தார்கள். ஏற்கெனவே 1 இருக்கிற இடத்தில் இன்னொரு 1-ஐப் பதித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. 1957 சமர்த்தாக 1957-ஆகவே வந்தது. இரண்டாவது தப்பு முதல் தப்பை மூடிவிட்டது.

ஆனால் 2040 ஜூன் என்று ஒரு ஃபைலுக்குத் தேதி போட்டால்? அதற்கும் 32-ல் முதல் கட்டம் 1. படிக்கிற புரோகிராம் அதை மைனஸ் என்று எடுத்துக்கொள்ளும். தேதி 1904 ஆகிவிடும். அதிலும் உடனே தெரியாது. மெமரியில் இருக்கும்வரை 2040 என்றே சொல்லும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் 1904. எதற்காக 408 வருஷத்தை வாங்கினார்களோ, அதில் பாதி உபயோகமில்லாமல் கிடந்தது.

2015 கடைசியில் ஒருவர் இதைத் திருத்தினார். திருத்தம் சில வரிதான். பதிப்பதை எடுத்துவிட்டுக் கூட்டல் போட்டார். எழுதும் இடத்தில் ஒரு கழித்தல் சேர்த்தார். நம் ஊரில் சாலையில் ஒரு குழியை மூடினாலே கல்வெட்டு வைப்பார்கள்.

என்னை அசத்தியது அந்தச் சில வரியல்ல, அதோடு சேர்த்த சலுகை. புரோகிராமைத் திருத்தலாம். உலகம் பூராவும் டிஸ்க்குகளில் ஏற்கெனவே 1, 1 என்று தப்பாக எழுதப்பட்டுவிட்ட தேதிகளை என்ன செய்வது? அம்பாசமுத்திரம் தாத்தாவும் அதில் அடக்கம். புது விதிப்படி படித்தால் அவர்களெல்லாம் 2310-க்கு அப்பால் போய் விழுவார்கள். எங்கள் பாடத்தில், தப்பான பதிவை ரப்பரால் அழிக்கக்கூடாது, திருத்தப் பதிவு போடவேண்டும், வித்தியாசம் பிடிபடாவிட்டால் அனாமத்துக் கணக்கில் வை என்பார்கள். அதையேதான் செய்தார்கள். 1, 1 இருந்து எண் மைனஸாகவும் இருந்தால் 1970-க்கு முந்தையது என்றே வைத்துக்கொள், லீனக்ஸ் 4.20 வரும்வரை இந்தச் சலுகை என்று எழுதினார்கள். விற்பனை வரிக்கு சமாதான் திட்டம் அறிவிக்கிற மாதிரி. அதற்குள் எல்லோரும் டிஸ்க்கைச் சரிபார்த்துவிடுவார்கள் என்று நம்பிக்கை.

4.20 வந்தது 2018 டிசம்பரில். பிறகு சலுகையும் போயிற்று. என் டிஸ்க்கோ பீரோவில், ஆச்சியின் கூறைப்புடவைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கெடு முடிந்தது அதற்கு எப்படித் தெரியும்? எனக்கே வருமான வரிக் கெடு தெரிவதில்லை.

“சரி மாப்ள, இப்ப என்ன பண்ண?”

“இ2எஃப்எஸ்சிகேன்னு ஒண்ணு இருக்கு, ஓட்டு. 2242-க்குள்ள ஓட்டினாப் போதும்.”

அவன் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். இல்லை. எக்ஸ்டி-4 புரோகிராமுக்குள்ளேயே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். 2242-க்கு முன்னால் அந்தச் சரிபார்க்கும் புரோகிராமை ஓட்டினால், தப்பான தேதிகளை அது திருத்திவிடுமாம். இன்றைய தேதியில் எவனும் 2310-க்கு மேல் தேதி போட்ட ஃபைல் வைத்திருக்க நியாயமில்லை, ஆகவே இது பழசாகத்தான் இருக்கவேண்டும் என்று ஊகம். 220 வருஷம் அவகாசம். எனக்குத் தெரிந்து எந்த ஆபீஸிலும் இவ்வளவு தாராளமாக வாய்தா கொடுத்ததில்லை.

ஓட்டினேன். திரையில் கேள்வி வந்தது. இந்தத் தேதி 2310 ஏப்ரல் 4-ஐத் தாண்டியிருக்கிறது, அநேகமாக 1970-க்கு முந்தையதாக இருக்கலாம், திருத்தட்டுமா? ஆமாம் என்று அமுக்கினேன். அடுத்த ஃபைலுக்கும் அதே கேள்வி. 41 தடவை அமுக்கினேன். தாத்தா 1957-க்குத் திரும்பினார். அப்பா 1960-ல் பிறந்தார். குடும்ப மானம் தப்பியது.

ஆனால் பூஞ்சை பூஞ்சையாகவே இருந்தது. தேதியைத் திருத்துகிற புரோகிராம், மேலெழுதிய போட்டோவைத் திருப்பித் தராது. விழாவுக்கு இரண்டு நாள். அண்ணாச்சி வேலை முடிந்த ஃபைலை அன்றைக்கே அழித்துவிடுகிற ஆசாமி. கம்ப்யூட்டரில் இடமில்லையாம். இன்னொரு பத்து நாளுக்கு எங்கே போவது? வயிறு கலங்க ஓடினேன்.

“அண்ணாச்சி, அந்தக் கல்யாணப் போட்டோ...”

“இருக்கு தம்பி. ரூவா பாக்கி இருக்கறத நான் அழிக்கறதில்ல.”

300 ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கடனைப் பாக்கி வைப்பது தப்பு என்று கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவன் நான்.

விழாவன்று ஃப்ரேமை ஆச்சி மடியில் வைத்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“ஒங்க தாத்தா அப்படியே இருக்காவ. பக்கத்துல நிக்கிற இந்தப் பிள்ள யாருல?”