புறம்போக்கில் கூடுகட்டும் கூழைக்கடாக்கள்

மைசூருப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தையொட்டிய குக்கரஹள்ளி ஏரியில், திட்டுகளின் மரங்களில் கூழைக்கடாக்கள் கூடுகட்டுகின்றன. நீர்க்காகங்களும் கொக்குகளும் உடன் வாழ்கின்றன. 1864ஆம் ஆண்டில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் இவ்வேரியை வெட்டுவித்தது நகருக்கு வெளியிலிருந்த வயல்களின் பாசனத்துக்காக. பறவைகளை அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார். பின்னர் சுற்றுப்புறம் மனைகளாயிற்று. ஏரி மட்டும் விற்பனைக்கு வராத பொதுச்சொத்தாக எஞ்சியது. பறவைகள் தங்கியதற்கு முதற்காரணம் இதுவே.

மொழிபெயர்ப்புப் பணியில் ‘காமன்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் எதிர்ப்படும்போதெல்லாம் சற்றே தயங்குவேன். நம்மிடம் நேரான சொல் இருக்கிறது: புறம்போக்கு. வரிவிதிப்புக்குப் புறம்பாக, ஏரிக்கும் மேய்ச்சலுக்கும் சுடுகாட்டுக்கும் ஒதுக்கப்பட்ட நிலம். அதனை நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். கர்நாடக வருவாய்ப் பதிவேடுகளிலோ இத்தகைய நிலத்தின் பெயர் ‘கராப்’. கெட்டுப்போனது என்று பொருள். வரி தராதது கெட்டது! அரசுக் கணக்கின் வர்க்கப் பார்வை இந்த ஒரு சொல்லிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

அதே நகரின் காரஞ்சி ஏரி வேறொரு பாடம். 1976இல் சாமராஜேந்திர விலங்கியல் பூங்காவின் பொறுப்பில் வந்த இவ்வேரி, கழிவுநீரால் சீரழிந்தபின், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் புதுப்பிக்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, பறவைக் கூடம், படகுச் சவாரி, நுழைவுக் கட்டணம் எல்லாம் வந்தன. பறவைகள் அங்கும் வருகின்றன, மறுப்பதற்கில்லை. ஆயினும் கூலித் தொழிலாளியின் குடும்பம் வாயிலில் நின்று கணக்குப் பார்க்க நேர்கிறது. பராமரிப்பு கட்டண வருவாயை நம்பியிருக்குமானால், கூட்டத்தை ஈர்க்கும் புதிய கேளிக்கைகளைத் தேட வேண்டிய நிர்ப்பந்தமும் உண்டாகும். பெங்களூருவில் ஹெப்பாள், நாகவாரா ஏரிகள் தனியாருக்குக் குத்தகைக்கே விடப்பட்டன. அதை எதிர்த்து மக்கள் உயர்நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது.

கட்டணமும் வேலியும் இன்றேல் உயிரினங்கள் அழியும் என்பாருக்கு நமது வேடந்தாங்கலைக் காட்டலாம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமென்பதை அறிந்த உழவர்கள், வேட்டையைத் தடுக்கும் ஆணையை 1798லேயே கம்பெனியின் ஆட்சியரிடமிருந்து பெற்றனர். அச்சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றெல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை 2020இல் எழுந்தது அரசின் தரப்பிலிருந்துதான், உழவர்கள் கேட்டதன்று.

குக்கரஹள்ளிக்கு இன்று தேவை தண்ணீர். சுமார் 27 கிலோமீட்டர் நீளத் திவான் பூர்ணையா கால்வாய் அதற்கு நீர் கொணர்ந்தது. ஆக்கிரமிப்புகளால் அவ்வழி அடைபட்டுவிட்டது. நடைபாதைக்கும் அலங்கார விளக்குகளுக்கும் செலவிடுமுன் கால்வாயை அளந்து மீட்பதும், கழிவுநீரைத் திருப்பிவிடுவதும் அரசின் கடமை. ஆக்கிரமிப்பு அகற்றல் என்றவுடன் குடிசைகளின்மீது மட்டும் இயந்திரத்தை ஏவும் வழக்கத்தை நாம் ஏற்கவியலாது. நில அளவை வரைபடத்தைக் கேட்டுப்பெற்று, கால்வாயின்மேல் எழுந்துள்ள பெருமனைப் பிரிவுகளிலிருந்து பணியைத் தொடங்கச் சொல்வோம். குடிசைவாசிகளுக்கு மாற்றுக் குடியிருப்பு முதலில், இடிப்பு பின்னர்.