பெயரும் படமும்

செடிகொடிகளையும் பூச்சிகளையும் தீட்டிய பழைய சித்திரங்களை அலங்காரப் பொருளாகச் சுவரில் மாட்டி மகிழ்வது இக்காலத்து வழக்கமாயிற்று. அவை அதற்கென வரையப்பட்டன அல்ல. இலையின் நரம்பையும் மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையையும் நோக்கி, கடலுக்கப்பால் இருப்பவனும் 'இஃது இன்ன செடி' என்று துணியுமாறு அமைத்த சாட்சியங்கள் அவை. அத்தகைய சாட்சியம் தமிழ் மாணவர்க்கும் இன்றியமையாதது என்பதே என் கருத்து.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களைத் தொகுத்துரைத்தார். அவற்றுள் அடும்பு இன்றும் கடற்கரை மணலிற் படர்கின்றது, அதில் ஐயமில்லை. ஞாழல் யாதென்பதிலோ அறிஞர்கள் ஒருமித்தபாடில்லை. நாமும் பரீட்சையில் 'ஒருவகை மரம்' என்றெழுதி மதிப்பெண் பெற்றுவிடுகின்றோம்! பெயர் நின்றது, பொருள் நழுவிற்று.

படத்தைக் காத்து வைத்த முயற்சியும் நம் சென்னையிலேயே நிகழ்ந்ததுண்டு. கும்பினியாரின் வைத்தியராக 1819-இல் இங்கு வந்த ராபர்ட் வைட் என்னும் ஸ்காத்லாந்தியர், தென்னாட்டுத் தாவரங்களை வரைவதற்கு இந்நாட்டு ஓவியரையே அமர்த்தினார். முதலில் ரங்கையா, பின்னர் கோவிந்து. 1838 முதல் 1853 வரை 6 தொகுதிகளாகச் சென்னையிற் கல்லச்சில் வெளிவந்த 'ஐகோன்ஸ்' என்னும் நூலில் 2,101 படங்கள் உள. அவற்றுட் பல இவ்விருவர் கையால் எழுந்தவை. வர்ணந் தீட்டாத கோட்டுப் படங்களே. எனினும் கிளை உயிரோடு தாளில் நிற்கும். அருகே பூவைப் பிளந்து சூலறையும் விதையும் வெவ்வேறாகக் காட்டப்பட்டிருக்கும்.

கும்பினியாருக்காக உழைத்த இந்திய ஓவியர் பலர் பெயரின்றி மறைந்தனர். வைட் அவ்வாறு விடவில்லை. படத்தடியில் வரைந்தவர் பெயரையும் பொறிப்பித்தார். நீஸ் என்னும் ஜெர்மானியர் 1832-இல் ஒரு செடியினத்திற்கு 'ரங்கியா' என்றே பெயரிட்டார். 1853-இல் வைட் ஓர் ஆர்க்கிட் இனத்திற்குக் கோவிந்துவின் பெயரை இட்டார். இப்பெயர்களை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

எட்வர்டு டோனவன் 1800-இல் இந்தியப் பூச்சிகளைப் பற்றி இலண்டனில் வெளியிடத் தொடங்கிய நூலை இதனோடு ஒப்பிடுக. அதன் வர்ணங்கள் கண்ணைப் பறிக்கும். ஆயின் அவர் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். உலர்ந்து ஊசியேறிய உடல்களைப் பார்த்து வரைந்தவர். அப்பூச்சி எவ்விலையைத் தின்றது, சிறகை எவ்விதம் மடித்து அமர்ந்தது என்பதை அவருக்கு யார் சொல்ல வல்லார்? அருகிருந்து காண்பவன் அறிவதை அலமாரி அறியாது.

புகைப்படக் கருவி இருக்க இத்தொல்லை எதற்கு என்பர். புகைப்படம் ஒரு கணத்தில் நின்ற ஒரு செடியைக் காட்டும். மொட்டு, மலர், காய், பிளந்த விதை ஆகிய யாவற்றையும் ஒரே தாளில் ஒழுங்குற வைப்பது ஓவியன் கை. அன்றியும், ஓர் இலையை வரைய முயன்றவனே அதனை முழுதும் பார்க்கின்றான்.

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூரைக் கடந்து வடக்கே சென்றால், புகைபோக்கிகளுக்கிடையே கொசஸ்தலை ஆறு கடலிற் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் உளது. அங்கே கண்டலும் உமரியும் இன்னும் நிற்கின்றன. அனல்மின் நிலையச் சாம்பல் கழியைத் தூர்த்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து கண்டல் வேர்களைக் கறுக்கச் செய்தது. இச்செடிகளை மீனவர் சொந்தப் பெயரிட்டு அழைக்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் செல்லுங்கால் அப்பெயர்களும் ஞாழலின் வழியே போய்விடுமன்றோ?

ஆகவே நமது கல்லூரியின் தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் கூடி இதனை மேற்கொள்ளல் வேண்டும். ஒரு தாளுக்கு ஒரு செடி. அதன்மேல் வாழும் புழுவும் வண்டும். மீனவர் வழங்கும் பெயர், இலக்கியப் பெயர், லத்தீன் பெயர். நாள், இடம், மூலையில் வரைந்தவர் பெயர். சித்திரம் வராது என்று தமிழ் மாணவர் நழுவ வேண்டா. பெயர் கேட்டு எழுதும் வேலை அவர்க்கு உண்டு. பென்சிலும் பூதக்கண்ணாடியும் போதும். உமரியிலிருந்து தொடங்கலாம்; நீர் வற்றும் வேளையில் கரையிலிருந்தே அதனை வரையலாம்.