மேரி க்யூரிக்கு அடுத்த பெயர்

கதிரியக்கம்னு சொன்னா மேரி க்யூரி. க்விஸ்ல கேள்வி முடியறதுக்குள்ள பஸ்ஸர் அடிப்போம். சரி, அதே துறையில இன்னொரு போலந்துப் பெண் பெயர் சொல்லுங்கன்னா? நானும் போன வருஷம் வரைக்கும் முழிச்சிருப்பேன்.

அலிட்சியா டோராபியால்ஸ்கா. 1897-ல் பிறந்தவர். 1920-களின் நடுவில் பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் க்யூரியிடமே வேலை பார்த்தவர்.

அவர் பிடித்துக்கொண்ட விஷயம் வெப்பம். ஒரு கிராம் ரேடியம் மணிக்குச் சுமார் 100 கலோரி வெப்பம் விடுகிறது என்று 1903-லேயே பியர் க்யூரியும் லபோர்டும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் ரேடியத்தைவிட பல மடங்கு வலு குறைந்த பொருள் என்றால்? வர்ற வெப்பம் அவ்வளவு கம்மி, சாதாரண கலோரிமீட்டரில் வெளியே கசிந்தே போயிடும். அதுக்குத்தான் அடியாபாட்டிக் மைக்ரோகலோரிமீட்டர். உள்ளே வெப்பநிலை ஏற ஏற, சுற்றியிருக்கும் உறையையும் அதே அளவுக்கு ஏற்றிக்கொண்டே வரணும். ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லைன்னா கசிவும் இல்லை. வார்சாவில் ஸ்வியென்டோஸ்வாவ்ஸ்கியோடு சேர்ந்து இந்தக் கருவியை உருவாக்கினார். தெர்மோ பேப்பர்ல "அடியாபாட்டிக்னா வெப்பப் பரிமாற்றம் பூஜ்யம்"னு ரெண்டு மார்க்குக்கு எழுதிட்டுப் போற நமக்கு, அந்தப் பூஜ்யத்தை நிஜத்தில் கொண்டுவர என்ன பாடுன்னு தெரியாது.

1934-ல் ல்வூவ் பாலிடெக்னிக்கில் பேராசிரியர் ஆனார். (நம்ம ஊர் டிப்ளமோ பாலிடெக்னிக் இல்லை, முழு பொறியியல் பல்கலைக்கழகம்.) 1844-ல் தொடங்கிய நிறுவனம். அங்கே முதல் பெண் பேராசிரியர் இவர்தான். எண்ணிப் பாருங்க, 90 வருஷம்! உலகப்போருக்குப் பிறகு ல்வூவ் போலந்தின் கையை விட்டே போய்விட்டது. 1945-ல் வூச் நகரில் புதிதாகத் தொடங்கிய பொறியியல் பல்கலைக்கழகத்துக்கு வந்து, இயற்பிய வேதியியல் துறையைத் திரும்பவும் முதல்ல இருந்து கட்டினார்.

என் கருத்து இதுதான். க்யூரியை மட்டும் கொண்டாடுறது நமக்கு ரொம்ப வசதியா இருக்கு. "அவங்க ஜீனியஸ், ரெண்டு நோபல்"னு சொல்லி விதிவிலக்கா ஒதுக்கிடலாம், மத்தவங்களைப் பத்திக் கேள்வியே வராது. நோபல் வாங்காத ஒரு பெண்ணுக்கு லேப் சாவி கிடைச்சுதா, துறைத் தலைவர் நாற்காலி கிடைச்சுதாங்கிறதுதான் நம்மளை மாதிரி காலேஜுக்குப் பொருந்துற கேள்வி. அந்த வகையில் எனக்கு 1911 நோபலைவிட 1934 பெரிசு. சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

சரி, நம்ம லேப். எங்க பேட்ச்ல நாலு பேர், ரெண்டு பசங்க, ரெண்டு பொண்ணுங்க. கருவியை இயக்கினது நாங்க, ரீடிங் குறிச்சு ரெக்கார்ட் எழுதினது அவங்க. யாரும் அப்படி பிரிச்சுக் கொடுக்கலை. "உன் கையெழுத்து நல்லாயிருக்கு"ன்னு முதல் வாரம் நான்தான் சொன்னேன், அப்படியே ஆயிடுச்சு. பிராக்டிகல் தேர்வுல எக்ஸ்டர்னல் அவளை கலோரிமீட்டரை ஓட்டிக் காட்டச் சொன்னார். எந்த நாப் எதுக்குன்னு தெரியாம நின்னா.

மார்க் போனது அவளுக்கு. செமஸ்டர் முழுக்க அந்த நாப் என் கையில இருந்தது. இன்னும் ஸாரி கேட்கலை.