தீவுக்குப் போக தைரியம் மட்டும் போதாது

மக்களே, கொஞ்ச நாளாக ஒரு உபதேசம் பலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. "இருபது வயசுல பண்ணாம எப்ப பண்ணப் போற? வேலையை விடு. பையைத் தூக்கு. ஒரு சம்மர் முழுக்க ஏதாவது ஒரு தீவுல போய் பார்ல வேலை பாரு. ராத்திரி ஆடு, பகல்ல தூங்கு, வாழ்க்கையைக் கண்டுபிடி." வீடியோவாகவும் வருகிறது, இரண்டு வரித் தத்துவமாகவும் வருகிறது. கடைசி பெஞ்சில் இப்போது இதுதான் பேச்சு. வேலைக்கே இன்னும் சேராதவன்கூட வேலையை விடுவதைப் பற்றித் தீவிரமாக யோசிக்கிறான் :-)

இந்த உபதேசத்துக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு. அதற்காக, "சோம்பேறிப் பசங்க, பெர்மனென்ட் வேலையோட அருமை தெரியல" என்கிற பெரியவர்கள் கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

சீசன் வேலை ஒன்றும் நம் ஊருக்கு அந்நியமில்லை. குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்தால் கடை போட ஆட்கள் போகிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏப்ரல், மே மாதங்களில் லாட்ஜுக்கும் ஹோட்டலுக்கும் கூடுதல் ஆள் எடுக்கிறார்கள். அறுவடை இயந்திரம் வருவதற்கு முன்னால், மானாவாரிப் பக்கத்து ஆட்கள் டெல்டாவுக்கு அறுப்புக்குப் போய் நெல்லோடு திரும்புவது வழக்கமாக இருந்தது. அவர்களை யாரும் ஊர்சுற்றி என்று சொல்லவில்லை. வருஷத்தில் நான்கு மாதம் ஓரிடம், மீதி மாதம் வேறிடம் என்று உழைப்பது பழைய பழக்கம். அந்த இடத்தில் கடலும் பாட்டும் இருந்துவிட்டால் மட்டும் அது பாவமாகிவிடுமா? போதாக்குறைக்கு நாம் இருப்பது அரியலூர். இந்த மண்ணே கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலடியாக இருந்தது. தோண்டினால் கடல் உயிர்களின் படிமங்கள் கிடைக்கின்றன. கடல் மேல் ஆசை வருவதில் தப்பே இல்லை.

ஆசை சரி. உபதேசம்தான் பொய். எப்படி என்று சொல்கிறேன்.

இந்த உபதேசத்தின் மூலஸ்தானம் இபிசா. ஸ்பெயினுக்குச் சொந்தமான மத்தியதரைக்கடல் தீவு. பரப்பளவு சுமார் 570 சதுர கிலோமீட்டர், அதாவது அரியலூர் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 'பாச்சா' என்கிற பிரபல கிளப் அங்கே 1973-இல் திறந்தது, 'அம்னீசியா' 1976-இல். ஏப்ரல் கடைசியில் கதவுகள் திறக்கும், அக்டோபரில் மூடும். இடைப்பட்ட மாதங்களில் மது ஊற்ற, தட்டு எடுக்க, படுக்கை விரிக்க, வாசலில் நின்று ஆள் பிடிக்க ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்து இறங்குவார்கள். பிரிட்டனில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஒரு கோடை அங்கே போய் வேலை பார்ப்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சடங்கு மாதிரி.

அது எப்படி அவ்வளவு சுலபமாக நடந்தது? தைரியத்தாலா? பிரிட்டன் ஐரோப்பிய யூனியனில் இருந்தவரை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் ஸ்பெயினில் வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டாம். டிக்கெட் எடுத்தால் போதும். 2020 முடிவில் அந்த ஏற்பாடு நின்றது. 2021 முதல் அவர்களுக்கும் வேலை அனுமதி வேண்டும். ஒரே ராத்திரியில் பிரிட்டிஷ் இளைஞர்களுக்குத் தைரியம் குறைந்துவிட்டதா என்ன? மாறியது காகிதம். உபதேசம் செய்கிறவர்கள் இந்தக் காகிதத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள்.

நம் காகிதம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்கிற ஆஸ்திரேலிய விசா இந்தியர்களுக்கு 2024-இல் திறந்தது. 18 முதல் 30 வயது வரை. வருஷத்துக்கு 1,000 பேர், குலுக்கல் முறை. முதல் குலுக்கலுக்கு இரண்டே வாரத்தில் சுமார் 40,000 பேர் விண்ணப்பித்தார்கள். பிரிட்டனும் 2023-இல் இதே மாதிரி ஒரு திட்டம் கொண்டுவந்தது. வருஷத்துக்கு 3,000 இந்தியர்கள், அதுவும் குலுக்கல்தான். டிகிரி வேண்டும், கையிருப்பாக 2,530 பவுண்டு காட்ட வேண்டும். நம் பணத்தில் மூன்று லட்சத்துக்குப் பக்கம். "பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு" என்கிறவன் அந்தப் பைக்குள் மூன்று லட்சத்தை வைக்க மறந்துவிடுகிறான்.

சரி, பாஸ்போர்ட் பிரச்சனையே இல்லாதவர்களுக்காவது தீவு சொர்க்கமா? 2024 ஜூலை கடைசியில் இபிசாவில் 'கான் ரோவா' என்கிற இடத்தில் கூடாரத்திலும் வேனிலும் குடிசையிலும் வாழ்ந்த சுமார் 200 பேரைப் போலீஸ் வைத்துக் காலி செய்தார்கள். அதில் பலர் அந்தத் தீவிலேயே வேலை பார்த்தவர்கள். வீடெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்குப் போய்விட, வேலை செய்கிறவனுக்குத் தலை சாய்க்க இடமில்லை. பார்ட்டி நடக்கிற தீவில் பார்ட்டியை நடத்துகிறவன் வேனில் தூங்குகிறான். இது எந்த வீடியோவிலும் வராது.

அதே ஸ்பெயினில் நமக்குப் பாடமாக வேறொன்றும் இருக்கிறது. அங்கே சீசன் தொழிலாளிக்கு என்றே ஒரு ஒப்பந்த வகை உண்டு. 'இடைவெளியுள்ள நிரந்தரம்' என்று அதைச் சொல்லலாம். சீசன் முடிந்தால் வேலை நிற்கும், ஆனால் வேலை போகாது. அடுத்த சீசனுக்கு முதலாளி அவரை மறுபடி கூப்பிட்டாக வேண்டும். 2021 டிசம்பரில் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, தற்காலிக ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தி, இந்த வகையை விரிவாக்கினார்கள். இடைப்பட்ட மாதங்களில், போதிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், அரசிடமிருந்து வேலையில்லாக் காலப் படியும் உண்டு. ஆக, சீசன் வேலையும் 'ரெகுலர்' வேலையாக இருக்க முடியும். அதற்குச் சட்டம் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ரெட்டிபாளையத்தைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் சிமென்ட் ஆலையோ சுண்ணாம்புக்கல் சுரங்கமோ கண்ணில் படும். இங்கே 'வேலைக்குப் போறான்' என்றால் இரண்டு அர்த்தம். கம்பெனி ரோலில் இருப்பவர் ஒரு வகை. கான்ட்ராக்டர் ரோலில் இருப்பவர் இன்னொரு வகை. இரண்டு பேரும் ஒரே கேட்டில்தான் நுழைகிறார்கள், ஒரே தூசியைத்தான் சுவாசிக்கிறார்கள். சம்பள நாளன்று மட்டும் வித்தியாசம் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இரண்டாவது வகை. மூன்றரை வருஷமாகப் போகிறார். "மாலத்தீவுல ஒரு ரிசார்ட்ல கூப்புடுறாங்கடா, ஒரு சீசன் போய்ட்டு வந்துரலாம்னு பாக்குறேன்" என்றார். நான் பி.காம் என்பதால் என்னிடம் கணக்குக் கேட்டார். நானும் பற்று வரவு எழுதிப் பார்த்தேன்.

முதல் வரி, பணி நிரந்தரம். தமிழ்நாட்டில் 1981-இல் வந்த சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து பணிசெய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. காகிதத்தில் பிரமாதம். ஆனால் 'தொடர்ந்து' என்கிற சொல்லைக் கவனியுங்கள். நாலு மாதம் விலகிப் போய்விட்டு வந்தால் எண்ணிக்கையை முதலிலிருந்து ஆரம்பி என்பார்கள்.

இரண்டாவது வரி, பணிக்கொடை. பொதுவான விதிப்படி ஐந்து வருஷம் தொடர்ச்சியான பணி வேண்டும். கணக்கில் வருகிற மாதச் சம்பளம் 12,000 என்று வையுங்கள். ஐந்து வருஷம் முடித்தவருக்கு 12,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, மறுபடி 5-ஆல் பெருக்கினால் 34,615 ரூபாய். நாலு வருஷத்தில் கிளம்பினால் பூஜ்யம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் குறித்த கால ஒப்பந்தக்காரருக்கு ஒரு வருஷம் போதும் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் அவர் கையில் குறித்த கால ஒப்பந்தம் என்று ஒரு காகிதமே கிடையாது.

மூன்றாவது வரியில் கொஞ்சம் நல்ல செய்தி. பி.எஃப். பென்ஷனுக்கு மொத்தம் பத்து வருஷப் பணி வேண்டும், ஆனால் நடுவில் இடைவெளி விழுந்தாலும் பழைய வருஷங்கள் அழியாது. கணக்கை மூடாமல், பணத்தை உருவாமல், அடுத்த வேலையில் அதே எண்ணோடு சேர்த்துக்கொள்ளலாம். இதை எத்தனை பேர் சொல்லித் தருகிறார்கள்? வேலையை விட்டதும் முதல் காரியமாகப் பணத்தை எடுத்து ஏஜென்ட்டிடம் கொடுப்பதுதான் நடக்கிறது.

ஏஜென்ட் என்றதும் இன்னொன்று. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று உச்சவரம்பு இருக்கிறது. லட்சம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்ப் பையன்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டது நினைவிருக்கும். அவர்களிடமும் தைரியத்துக்குக் குறைவில்லை.

மாலத்தீவு என்ன மாதிரி இடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972-இல் 'குரும்பா' என்கிற முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் அங்கே வழக்கமான ஏற்பாடு. ஊர் மக்கள் வாழும் தீவில் மது விற்பனை கிடையாது, ரிசார்ட் தீவில் உண்டு. நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் சமையலறை, அறை சுத்தம், தோட்டம், படகுத்துறை என்று போகிறவர்கள். நீல நிறக் கடல் படம் அனுப்புவார்கள். அந்தப் படம் டியூட்டி முடிந்து ஐந்து நிமிஷத்தில் எடுத்ததாக இருக்கும். பார்ட்டித் தீவில் இரண்டு வாசல். விருந்தாளி வருவது ஒன்றில், பாத்திரம் கழுவுகிறவர் வருவது இன்னொன்றில். நமக்குக் கிடைக்கிற விசா எந்த வாசலுக்கு என்று கேட்காமல் கிளம்பக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் இந்த உபதேசிகள் தொடுவதே இல்லை. பெண்கள். எங்கள் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவர்கள் எல்லாம் பெண்கள்தான். அவர்களில் ஒருத்தி "ஒரு சம்மர் தீவுக்குப் போறேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. திருச்சியில் ஹாஸ்டல் என்றாலே வீட்டில் பஞ்சாயத்து. திரும்பி வரும்போது பையனுக்குக் கிடைப்பது 'அனுபவம்', பெண்ணுக்குக் கிடைப்பது 'பேர்'. இதை வெறும் தைரியத்தால் தாண்டு என்று அவளிடம் சொல்வது அயோக்கியத்தனம்.

ஆக நான் சொல்ல வருவது இதுதான். விட்டுப் போவதற்கான சுதந்திரம் என்பது, திரும்பி வந்தால் நிற்க ஒரு இடம் இருப்பது. அப்பாவின் கடை, நகரத்தில் ஒரு வீடு, கடனில்லாத படிப்பு, நல்ல பாஸ்போர்ட், இதில் ஏதோ ஒன்று இருக்கிறவன் போகிறான், வருகிறான், புத்தகமும் எழுதுகிறான். அதெல்லாம் இல்லாதவனைப் பார்த்து "உனக்கு தைரியம் இல்லை" என்பது, தண்ணீர் இல்லாத கிணற்றில் குதிக்கச் சொல்லிவிட்டு நீச்சலைப் பற்றி வகுப்பெடுப்பது.

அப்படியானால் போகவே வேண்டாமா? போக வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். அதற்குக் கேட்க வேண்டியதைக் கேட்போம். அரசு ஊழியருக்குச் சம்பளமில்லாத அசாதாரண விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. நாற்காலியை இழக்காமல் விலகியிருக்கலாம் என்பது நம் நாட்டுச் சட்டத்துக்கே தெரிந்த விஷயம்தான். அதையே ஆலையில் கான்ட்ராக்டில் இருப்பவருக்கும், கடையில் நிற்பவருக்கும், கால் சென்டரில் இருப்பவருக்கும் கொடு என்று கேட்க வேண்டும். இத்தனை வருஷம் உழைத்தவர் நாலு மாதம் சம்பளமில்லாமல் போகலாம், வந்தால் அதே பணிமூப்போடு அதே வேலை. இதனால் எந்தக் கம்பெனியும் மூழ்கிவிடாது. பழுதுபார்க்க என்று சூளையையே வருஷத்தில் சில வாரம் நிறுத்தி வைக்கிறார்கள். மனுஷனுக்கு மட்டும் நிறுத்தமே கூடாதா?

அந்த அண்ணனிடம் நான் போகாதே என்று சொல்லவில்லை. ஏஜென்ட்டின் பதிவு எண்ணைப் பார், ஒப்பந்தத்தை ஏறும் முன்னால் கையில் வாங்கு, பி.எஃப். பணத்தைத் தொடாதே, ஐந்து வருஷம் முடிய எத்தனை மாதம் பாக்கி என்று பார்த்துத் தேதியை முடிவு செய் என்றேன். கேட்டுக்கொண்டார். "திரும்பி வந்தா எடுத்துக்குவாங்களாடா?" என்றார். உபதேசம் செய்கிற எவரும் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கவில்லை. முதலில் அதைச் சொல்லட்டும், பிறகு தீவைப் பற்றிப் பேசலாம்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு "நீ முதல்ல அரியர் பேப்பரை முடி" என்று பின்னூட்டம் போட நினைக்கும் வகுப்புத் தோழர்களுக்கு, எனக்கு அரியர் எதுவும் இல்லை. தொழிற்சட்டப் பேப்பரை ஒழுங்காகப் படித்ததன் பக்கவிளைவுதான் இந்தப் பதிவு.